மூன்று நாள் தோட்டம்

கடலூரில் பொது நிகழ்ச்சி ஒன்றுக்காக அமைக்கப்பட்டிருந்த மலர்த்தோட்டம் ஒன்றைக் காணச் சென்றிருந்தோம். அதை அமைத்தவர் நம் உறவினர் வீட்டுப் பிள்ளை. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தோட்டக்கலை பயின்றவர். இப்போது கண்காட்சி, மாநாடு, திருமணம் ஆகியவற்றுக்குத் தோட்டம் அமைத்துத் தருவதையே தொழிலாகக் கொண்டிருப்பவர். மூன்று நாள் நிகழ்ச்சி. முதல் நாள் மாலை கண்ட காட்சியை மறக்க இயலாது. செண்டுமல்லியால் ஆன யானை, கோழிக்கொண்டைப் பாத்திகள், நடுவில் தாமரைத் தடாகம், அதன் மேல் சிறிய மரப்பாலம். குழந்தைகள் அந்தப் பாலத்தை விட்டு இறங்க மறுத்தனர்.

நான்காம் நாள் காலை வேறொரு அலுவலாக அவ்வழியே சென்றபோது அங்கு மீண்டும் நின்றோம். யானையின் கம்பிக்கூடு மட்டும் நின்றது. வாடிய பூக்களை மண்வாரியால் அள்ளி லாரியில் ஏற்றிக் கொண்டிருந்தனர். மூன்று நாளுக்காக நட்ட செடிகள் வேரோடு பிடுங்கப்பட்டுக் குவியலாகக் கிடந்தன. வேர்மண்ணில் மண்புழுக்கள் நெளிந்து கொண்டிருந்தன. தம்பி நம்மைக் கண்டதும் அருகில் வந்தார். நலம் விசாரித்த பிறகு சற்றுத் தயங்கிக் கேட்டார்: "மாமா, அம்மா இந்தத் தொழிலை விட்டுவிடு என்கிறார். ஒரு பூவைக் கிள்ளும்போது கூடக் கண்ணால் பார்த்துக் கிள்ளுகிறவர் அவர். நான் ஒரே இரவில் லட்சம் பூக்களைக் கம்பியில் குத்துகிறேன். இதில் எனக்குப் பாவம் உண்டா, இல்லையா? உங்கள் புத்தகங்களைப் பார்த்துச் சொல்லுங்கள்."

எளிய கேள்வி போலத்தான் தோன்றியது. வீட்டுக்கு வந்து ஏடுகளைப் புரட்டத் தொடங்கிய பிறகே அதன் ஆழம் தெரிந்தது. அவருக்கு நாம் சொன்ன விடையும், சொல்ல இயலாமல் நின்ற இடமும் நம் இல்லங்கள் பலவற்றுக்கும் பயன்படக் கூடும் என்பதால் இங்கு எழுதுகிறோம்.

முதலில், இத்தொழில் புதியதன்று. உதகமண்டலத்தில் 1848ஆம் ஆண்டு மெக்ஐவர் என்பவர் பொறுப்பில் உருவாகத் தொடங்கிய தாவரவியல் பூங்காவும், 1896இல் அங்கு தொடங்கிய மலர்க்காட்சியும் நாம் அறிந்தவையே. கொரோனா தொற்றுக் காலத்தில் 2020, 2021 ஆகிய ஈராண்டுகள் நின்றிருந்து, 2024 மே மாதத்தில் அது 126ஆவது காட்சியாக நடந்தது. சென்னையிலும் 2022 ஜூன் மாதம் கலைவாணர் அரங்கிலும், பின்னர் செம்மொழிப் பூங்காவிலும் இத்தகைய காட்சிகள் நடந்தன. இங்கிலாந்தில் அரச தோட்டக்கலைச் சங்கம் 1913 முதல் இலண்டனின் செல்சி என்னுமிடத்தில் நடத்திவரும் காட்சியே உலகெங்கும் இத்தொழிலாளர் தம் கோயிலாகக் கருதுவது. அங்கு ஐந்தாறு நாளுக்காக ஒரு முழுத் தோட்டத்தையே மரம், பாறை, ஓடையுடன் எழுப்பிப் பின் பிரித்து விடுகிறார்கள்.

இவை அமைக்கப்படும் முறையை நம் தம்பி விளக்கினார். இருவகை உண்டாம். ஒன்று, மாதக்கணக்கில் தொட்டிகளில் வளர்த்துப் பூக்கும் தறுவாயில் கொண்டுவந்து அடுக்குவது. உதகையின் மாடங்களில் அடுக்கப்படும் பல்லாயிரம் தொட்டிகள் இவ்வகை. மே மாதக் காட்சிக்கு ஆண்டின் தொடக்கத்திலேயே விதைப்பும் நடவும் தொடங்கிவிடும். மற்றொன்று, கொய்த பூக்களால் உருவம் சமைப்பது. இரும்புக் கம்பியால் கூடு கட்டி, அதன்மேல் வலை போர்த்தி, 'ஃபோம்' என்று தொழிலில் சொல்லப்படும் பச்சை நிறக் கட்டிகளை நீரில் ஊறவைத்துப் பொருத்தி, காம்பைச் சாய்வாக நறுக்கி ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். கார்னேஷன் பூ பல நாள் வாடாது என்பதால் மலைப்பகுதியில் அதற்கே முதலிடம். நம் கடலோர வெயிலில் அது சரிப்படாது, செண்டுமல்லியும் சம்பங்கியும்தாம். அவையும் இரண்டாம் நாள் மாலையே தலை சாயத் தொடங்கும். இரவெல்லாம் நீர் தெளித்துக் கொண்டிருக்க வேண்டும்.

இனி நூல்களுக்கு வருவோம். நம் இல்லங்களில் பிள்ளைகளுக்கு ஓதுவிக்கப்பட்ட அருங்கலச்செப்பு, சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தை அடியொற்றித் தமிழில் குறள் வெண்பாக்களால் ஆனது என்பதை வாசகர் அறிவர். அதில் இல்லறத்தாருக்குரிய குணவிரதங்கள் மூன்றனுள் ஒன்று அனர்த்த தண்ட விரதம். பயனின்றிச் செய்யும் தீமையை விலக்குதல் என்பது அதன் பொருள். தீமையை உபதேசித்தல், கொலைக் கருவிகளை ஈதல், பிறர்க்குக் கேடு எண்ணுதல், தீய நூல் கேட்டல், பிரமாத சரியை என அனர்த்த தண்டம் ஐந்து வகைப்படும். இவற்றுள் இறுதியில் நின்ற பிரமாத சரியை எது என்று ஆசாரியர் விளக்குமிடத்தில்தான் நாம் திடுக்கிட்டோம். காரணமின்றி மண்ணைத் தோண்டுதல், நீரைக் கொட்டுதல், தீ மூட்டுதல், காற்றை எழுப்புதல், செடிகொடிகளை வெட்டுதல், வீணே அலைதல், பிறரை அலைத்தல். மண் தோண்டி, நீர் கொட்டி, செடி வெட்டி, மூன்று நாளில் கலைப்பது! ஏறத்தாழ நம் தம்பியின் தொழில் வரலாற்றையே ஆசாரியர் எழுதி வைத்திருப்பது போலிருந்தது.

ஆனால் அவர் 'காரணமின்றி' என்ற ஒரு சொல்லையும் வைத்திருக்கிறார். எல்லா வழக்கும் அந்தச் சொல்லின் மேல்தான்.

ஒரு காரணத்தை உடனே சொல்லலாம்: பிழைப்பு. ஆதிநாதர் மக்களுக்கு வகுத்துத் தந்த அறுதொழில்களில் வாள், எழுத்து, உழவு, வித்தை, வாணிகம் ஆகியவற்றோடு சிற்பமாகிய கைத்தொழிலும் ஒன்று. தோட்டம் அமைத்தல் அதற்குள் அடங்காது என்று யார் சொல்ல முடியும்? நம் சமூகத்தவர் பெரும்பாலும் உழவர். ஒரு காணி நிலத்தை ஒருமுறை உழுதால் மடியும் மண்ணுயிர்கள், ஒரு மலர் யானைக்காக மடிந்தவற்றினும் மிகப் பல. இல்லறத்தான் விலக்க முடியாத தொழில்வழிக் கொலை என்று இதை நம் ஆசாரியர்கள் தனியே வகைப்படுத்தி, மனத்தால் கருதிச் செய்யும் கொலையினின்று பிரித்து வைத்தனர். ஏர் பிடித்தவன் பூ செருகியவனைப் பார்த்துக் குற்றம் சொல்வது முறையாகாது. இதைச் சொன்னபோது தம்பியின் முகம் மலர்ந்தது. ஆனால் அவர் அன்னை அருகில் இருந்தார். அவர் சொன்னது: "உழுதால் சோறு வரும். இதில் என்ன வருகிறது?"

அவ்வம்மையாருக்கு நாம் உடனே விடை சொல்லவில்லை. கூலி வருகிறது என்பது விடையாகாது. கூலி பெறுபவனுக்குக் காரணம் உண்டு. கூலி கொடுத்துச் செய்விப்பவனுக்குக் காரணம் உண்டா என்பதே கேள்வி. ஆகவே பாரத்தில் பாதியேனும் தோட்டக்காரர் தோளிலிருந்து இறங்கி, தோட்டத்தை வேண்டுபவர் தோளில் ஏறுகிறது. நாம் உட்பட.

ஏன் 'நாம் உட்பட' என்கிறோம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜினாலயத்தின் பஞ்சகல்யாண விழாவில் சமவசரணம் அமைக்கும் பொறுப்புக் குழுவில் நாமும் இருந்தோம். சமவசரணத்தில் அசோகு, ஏழிலைப்பாலை, சண்பகம், மா ஆகிய நான்கு வனங்கள் உண்டு என்பது ஆகமம். அவ்வனங்களைப் பூவாலேயே சமைக்கலாம் என்று ஒருவர் சொல்ல, நாம்தாம் முதலில் கை உயர்த்தினோம். மிக அழகாக அமைந்தது. விழா முடிந்த மறுநாள் அந்த நான்கு வனங்களும் ஊர்ப்புறக் குப்பைமேட்டில் கிடந்தன. பச்சைக் கட்டிகளும் கம்பிகளும் அவற்றோடு கலந்து கிடந்ததால் மாடுகள் மேயவும் வழியில்லை, எருவாகவும் வழியில்லை. அன்று அது நமக்கு உறுத்தவில்லை. பக்தியின் பொருட்டுச் செய்தது பயனற்றதாகுமா என்று எண்ணிக் கொண்டோம்.

வழிபாட்டில் மலர் பற்றி நம் திகம்பரருக்குள்ளேயே இருவேறு வழக்குகள் உண்டு. வடபுலத்தில் தேராபந்தியர் பூவுக்கு மாற்றாகக் குங்குமப்பூ நீரில் தோய்த்த அரிசியையே அருச்சிக்கின்றனர். பூவிலுள்ள சிற்றுயிர்களுக்கு அஞ்சியே அந்த ஏற்பாடு. தமிழ்நாட்டு வழக்கம் அதுவன்று; நாம் மலரிட்டே வழிபடுகிறோம், அதைக் கைவிடவும் போவதில்லை. ஆயினும் ஒரு கைப்பிடி மலரை அருகன் திருவடியில் வைப்பதற்கும் லாரி லாரியாகக் கொய்து சுவர் எழுப்புவதற்கும் இடையே ஓர் எல்லைக்கோடு இருக்கத்தான் வேண்டும். அது எங்கே?

அந்தக் கோட்டைத் தேடும்போது அதே ஆசாரியர் மற்றோரிடத்தில் கைகொடுக்கிறார். துய்ப்புப் பொருள்களுக்கு அளவு வகுக்கும் விரதத்தைச் சொல்கையில், முள்ளங்கி, பச்சை இஞ்சி, வெண்ணெய் ஆகியவற்றோடு வேப்பம்பூவையும் தாழம்பூவையும் சேர்த்து விலக்கச் சொல்கிறார். காரணம்: பயன் சிறிது, கேடு பெரிது. வேப்பம்பூ இரசம் நம் வீடுகளில் ஏன் வைப்பதில்லை என்று புதிதாக வந்த மருமகள்கள் கேட்பதுண்டல்லவா, அதற்கு விடை இங்கே இருக்கிறது. பூ பூவென்பதற்காக விலக்கப்படவில்லை. அந்தப் பூவுக்குள் உறையும் அசையும் உயிர்களுக்காக விலக்கப்பட்டது. பயனையும் கேட்டையும் எடைபோடும் துலாக்கோலை ஆசாரியர் நம் கையில் கொடுத்திருக்கிறார்.

அந்தத் துலாக்கோலில் மலர் யானையை வைத்துப் பார்த்தோம். இங்கேதான் நாம் எண்ணியிராத ஒன்று தென்பட்டது. அம்மையாரும் நாமும் கவலைப்பட்டது பூவாகிய ஓரறிவுயிர் பற்றி. பூவைக் கொய்வதால் செடி சாவதில்லை. செண்டுமல்லி, கோழிக்கொண்டை போன்ற ஒரு பருவச் செடிகள் விதை முற்றியதும் தாமே மடிவன. பெரிய கேடு அங்கில்லை. அது கண்ணுக்குத் தெரியாத இரண்டிடங்களில் இருந்தது. ஓசூர்ப் பகுதியில் கண்ணாடித்தாள் கூடங்களில் ஏற்றுமதிக்கும் அலங்காரத்துக்கும் விளையும் ரோஜா முதலிய மலர்கள், இதழில் ஒரு புள்ளியும் விழாதிருக்க வேண்டுமென்பதற்காகப் பூச்சிமருந்து தெளித்து வளர்க்கப்படுபவை. உண்ணும் காய்க்குப் புழுத்துளை ஒன்றிருந்தால் அரிந்து எறிந்துவிட்டுச் சமைக்கலாம். பார்ப்பதற்கென்றே வாங்கும் பூவுக்கு அந்த மன்னிப்பு இல்லை. அழகில் குறை பொறுக்காத கண்தான் அங்கு மருந்தடிக்கச் சொல்கிறது. மடிவன ஈரறிவு முதல் நாலறிவு வரையுள்ள உயிர்கள். இல்லறத்தானுக்குரிய கொல்லாமை அணுவிரதம் முதலில் காக்கச் சொல்வது இவற்றைத்தாம்.

மற்றோரிடம் அந்தப் பச்சைக் கட்டி. ஃபீனால், ஃபார்மால்டிஹைடு ஆகிய வேதிப்பொருள்களால் ஆன நெகிழி அது, மக்காது. விரலால் அழுத்தினால் பொடியாக உதிரும். அப்பொடி நீரில் கலந்தால் நன்னீரிலும் கடலிலும் வாழும் சிற்றுயிர்கள் அதை உணவென்று உண்பதை ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். ஊறவைத்த நீரைப் பணியாளர் எங்கே கொட்டுகிறார்கள் என்று தம்பியிடம் கேட்டோம். வாய்க்காலில் என்றார். கடலூரில் வாய்க்கால் நீர் கெடிலத்துக்குப் போகும். கெடிலம் கடலுக்குப் போகும். சொல்லிவிட்டு அவரே சிறிது நேரம் பேசாதிருந்தார். இங்கிலாந்தின் சங்கம் தன் காட்சிகளில் இந்தக் கட்டியை 2021 முதல் தடை செய்துவிட்டது. அவர்கள் ஆகமம் படித்தவர்கள் அல்லர், ஆனாலும் செய்தார்கள்.

தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி கொலைக்கு இலக்கணம் கூறும்போது, உயிர் பிரிந்தது என்பதை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. பிரமாதத்தோடு, அதாவது கவனமின்மையோடு கூடிய செயலால் உயிர் பிரிதல் என்றார். அம்மையார் ஒவ்வொரு பூவையும் பார்த்துக் கிள்ளுவதன் பொருள் இதுவே. நாம் சமவசரணம் அமைத்தபோது அந்த நான்கு வனங்கள் எங்கிருந்து வந்தன, எங்கே போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்தி இருந்தது, கவனம் இல்லை.

இவ்வளவு எழுதும்போது அழகை நாம் வெறுப்பதாக எவரும் எண்ண வேண்டாம். சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தைக் காணாத நம்மவர் இருந்தால் ஒருமுறை சென்று காண வேண்டும். பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் அதைப் புதுப்பித்தார் என்று அங்குள்ள கல்வெட்டு கூறும். விதானம் முழுவதும் ஒரு தாமரைத் தடாகம்: இலை, மொட்டு, மலர், மீன், அன்னம், யானை, எருமை, நடுவில் நீரிலிறங்கிப் பூக்கொய்யும் ஆடவர். சமவசரணத்தின் நீர்நிலைப் பகுதியே அது என்பது அறிஞர் கருத்து. நம் முன்னோர் எழுப்பிய காட்சித் தோட்டம் அதுதான். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு மேலாக வாடாமல் இருக்கிறது. அதிலும் பூக்கொய்யும் கைகளை அந்த ஓவியர் மறைக்கவில்லை என்பது நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நம் தம்பி கடலூரில் தடாகம் அமைத்தது அதைப் பார்த்துத்தானாம். அவருக்குள் அழகும் அறமும் ஒரே ஊற்றிலிருந்துதான் வருகின்றன. அதனால்தான் அவருக்கு உறுத்தல் வந்தது.

கடலூர்ப் பகுதிக்கே இவ்வகையில் ஒரு பழமை உண்டு. திருப்பாதிரிப்புலியூர் பாதிரி மரத்தால் பெயர் பெற்றது. சர்வநந்தி முனிவர் சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், லோகவிபாகத்தை எழுதி முடித்த பாடலிகம் இவ்வூரே என்பது ஆய்வாளர் துணிபு. அவர் காலத்தில் அங்கிருந்த பள்ளியில் முனிவர்கள் நடந்த பாதையில் பாதிரிப் பூக்கள் உதிர்ந்து கிடந்திருக்கும். பறிக்க வேண்டிய தேவையே இல்லாத பூ அது, தானே உதிரும். சிதம்பரத்துக்குப் பெயர் தந்த தில்லை மரத்தையோ யாரும் பறிக்க நெருங்குவதில்லை; அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. பிச்சாவரத்துச் சதுப்பில் சுரபுன்னையோடும் அலையாத்தியோடும் அது இன்றும் நிற்கிறது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின்போது இம்மாவட்டத்தில் அத்தகைய காட்டின் பின்னே இருந்த ஊர்கள் குறைந்த அழிவோடு தப்பியதை அடுத்த ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. யாரும் அமைக்காத தோட்டம் அது. காட்சிக்காக நின்றதும் அன்று.

தம்பிக்கு நாம் இறுதியாகச் சொன்னது புதிதொன்றும் அல்ல. ஜினாலயச் சுவர்களில் எழுதப்பட்டிருக்கும் நாவல் மரக் கதைதான். பசித்த அறுவர் மரத்தடிக்கு வந்தனர். ஒருவன் அடியோடு வெட்டலாம் என்றான். அடுத்தவன் பெருங்கிளையை, அடுத்தவன் சிறுகிளையை, அடுத்தவன் கொத்தை, அடுத்தவன் கனிகளை மட்டும். ஆறாமவன் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கினான். கருமை முதல் வெண்மை வரை ஆறு லேசியைகள். இக்கதையில் நமக்கு எப்போதும் வியப்பளிப்பது, அறுவரில் ஒருவனையும் 'பசியாதே' என்று நூல் சொல்லவில்லை என்பது. பசி எல்லோருக்கும் பொது. கண்ணுக்கும் பசி உண்டு. குழந்தைகள் அந்த மரப்பாலத்தை விட்டு இறங்க மறுத்ததை நாம் பார்த்தோம். அதைப் பயனற்றது என்று எழுத நமக்குக் கை வரவில்லை. அம்மையார் கேட்ட கேள்விக்கு, காலந்தாழ்த்தி, இதுவே நம் விடை. ஆனால் அந்தப் பசிக்கு மரத்தை எந்த இடத்தில் தொடுவது என்பதை அமைப்பவரும் அமைக்கச் சொல்பவரும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும்.

அவர் சிந்தித்துச் சில மாற்றங்களைச் செய்திருக்கிறார். பச்சைக் கட்டியை அறவே விட்டுவிட்டார். வாழைத்தண்டு, வைக்கோற்பிரி, ஈர மண் நிரப்பிய சிறு கலயம் ஆகியவற்றில் பூச்செருகப் பழகி வருகிறார். கார்னேஷனும் கூடத்து ரோஜாவும் வேண்டும் என்பவர்களிடம் இயலாது என்கிறார். தொட்டிச் செடிகளே மிகுதி. அவையும் நாற்றங்காலிலிருந்து வாடகைக்கு வந்து நாற்றங்காலுக்கே திரும்புவன. செல்சிக் காட்சியில் 2022 முதல் பல தோட்டங்கள் காட்சி முடிந்ததும் மருத்துவமனை, பள்ளி போன்ற இடங்களுக்குப் பெயர்த்து வைக்கப்படுவதைக் கேட்டு, மரக்கன்றுகளைப் பள்ளிகளுக்கு அனுப்பும் ஏற்பாட்டையும் தொடங்கியிருக்கிறார். வருமானம் குறைந்திருக்கிறது. யானை வேண்டும் என்பவர்கள் யானை செய்பவரிடம் போகிறார்கள். பெண் பார்க்கும் காலத்தில் இது சிறிய செய்தியன்று. அவர் அன்னைக்கு இப்போது அந்தக் கவலை.

அடுத்த பஞ்சகல்யாணத்துக்கு அதே ஜினாலயத்தில் சமவசரணம் அமைக்கும் பேச்சு வந்தபோது, அசோகு, சண்பகம், மா, ஏழிலைப்பாலைக் கன்றுகளையே தொட்டியில் வைத்து, விழா முடிந்ததும் நம்மவர் நிலங்களில் நடலாம் என்று தம்பி வரைபடம் தந்தார். கன்றுகள் முழங்கால் உயரம்தான் இருக்கும். 'வனம் என்றால் வனமாகத் தெரிய வேண்டாமா, சென்ற முறை எவ்வளவு எடுப்பாக இருந்தது' என்று குழுவில் மூத்தவர் ஒருவர் வருந்தினார். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமலில்லை. முதியோர் பலருக்கு அது கடைசியாகக் காணும் சமவசரணமாக இருக்கலாம். முடிவு இன்னும் ஆகவில்லை. கன்றுகளை இப்போதே வாங்கித் தம் வீட்டுக் கொல்லையில் வைத்திருக்கிறார் அந்த அம்மையார். விழாவுக்குள் இடுப்பளவாவது வளர்ந்துவிடும் என்று நாள்தோறும் இருவேளை நீர் ஊற்றுகிறார். நீரை வடிகட்டித்தான்.